எஸ்டேட் வண்டி ஸ்டார்ட் ஆகாத நாள்

கோவில்பட்டியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் சௌந்தரபாண்டியனுக்கு ஒரு வியாதி உண்டு. தன்னிடம் இருக்கும் பொருளை நாலு பேர் பார்த்து "பரவாயில்லையே" என்று சொல்லவேண்டும். கடைக்குப் புதிதாக ஓர் ஏணி வாங்கிப் போட்டால்கூட என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். பக்கத்துக் கடை என்னுடையது, உரக்கடை. பூச்சிமருந்து வாடையில் மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கிறவனுக்கு அவருடைய ஏணியால் என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் எழுந்துபோய்ப் பார்த்து, "பரவாயில்லையே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வருவேன். சொல்லாவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தை உர்ரென்று வைத்திருப்பார். மற்றபடி நல்ல மனிதர். யார் வீட்டுக் காரியம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அப்படி நிற்பதை ஊர் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மதுரையிலிருந்து பழைய டாடா எஸ்டேட் வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தொண்ணூற்று நாலாம் வருஷத்து மாடல். கரும்பச்சை நிறம். முன்பக்கம் பார்த்தால் கார், பின்பக்கம் பார்த்தால் வேன் என்று நீளமாக இருந்தது. பின்கதவை மேலே தூக்கி, சீட்டை மடக்கிப்போட்டால் ஓர் ஆள் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். ஊரில் பாதிப் பேர் கையால் கண்ணாடி சுற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே பொத்தானை அமுக்கினால் கண்ணாடி இறங்கிய வண்டி என்று ஒவ்வொருவருக்கும் அமுக்கிக் காட்டினார். இரண்டு கண்ணாடி இறங்கின. இரண்டு இறங்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன அண்ணாச்சி, ஆம்புலன்ஸ் மாதிரில்லா இருக்கு" என்றேன். டீக்கடையில் நின்ற ஒருவர் அதற்கு மேலே போய், "ஆம்புலன்ஸ் இல்ல, பெறவு வரும்லா, அந்த வண்டி" என்றார். எல்லோரும் சிரித்தோம். சௌந்தரபாண்டியன் சிரிக்கவில்லை.

"சிரிங்கலே. என் மவ காவியா கல்யாணத்தன்னைக்கு இந்த வண்டியிலதான் மண்டபத்துக்குப் போயி இறங்குவா. அப்ப வந்து பாருங்க" என்றார். காவியா அப்போது பள்ளிக்கூடத்துப் பையை மாட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை.

பழைய வண்டியை வாங்குவது ஒருநாள் வேலை. வைத்துக் காப்பாற்றுவதற்கு ஒரு மெக்கானிக் வேண்டும். கடலையூர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த குலாம் ரசூல் அப்படித்தான் வந்து சேர்ந்தார். கோவில்பட்டியில் டீசல் இன்ஜினுக்குத் தன்னை விட்டால் வைத்தியன் கிடையாது என்பது அவருடைய கொள்கை. அதைக் கேட்காதவர்களிடமும் சொல்வார். ரோட்டில் போகிற வண்டியைத் திரும்பிப் பார்க்காமலேயே, "இது தீப்பெட்டி ஆபீஸ் வேன், ரெண்டாவது சிலிண்டர் சரியில்ல" என்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் அந்த வேனாகத்தான் இருக்கும். சிலிண்டரைப் பற்றி எனக்குத் தெரியாது. எஸ்டேட் வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பரவாயில்லையே அண்ணாச்சி!" அதோடு சௌந்தரபாண்டியன் விழுந்துவிட்டார்.

இரண்டு பெருமைக்காரர்களுக்கும் ஒரே வண்டி. கடையில் கிடைக்காத சாமானுக்கு என்ன செய்வது என்பதே இருவருக்கும் பேச்சு. பிரேக்கும் கிளட்சும் டாடா 207 லோடு வண்டிக்கு வருகிறதைப் போட்டுச் சமாளித்தார்கள். பின் விளக்குக் கண்ணாடி உடைந்தபோது கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஜோடி வாங்கிவந்தார்கள். தூக்கிய பின்கதவு நிற்காமல் தலையில் விழும். அதற்கு வேறு ஏதோ காரில் இருந்து கழற்றிய தண்டைப் பொருத்தி, "இப்ப தலை தப்பிச்சுது" என்றார் பாய்.

ஒரு கார்த்திகை மாசத்தில் நாகலாபுரம் பக்கம் இருந்த தன் நிலத்தைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டப் போனார் சௌந்தரபாண்டியன். முந்தின நாள் நல்ல மழை. மழை பெய்த கரிசலில் சைக்கிளைக்கூட இறக்கக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் நண்டுசிண்டுக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனால் வரப்போரத்தில் சொந்தக்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கும்போது வண்டியைத் தார் ரோட்டில் விட்டுவிட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து போவதா என்று இறக்கிவிட்டார். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களி அடைத்துக்கொண்டு வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. குலாம் ரசூல்தான் டிராக்டர் பிடித்துக்கொண்டு போய் இழுத்தார். அடைத்திருந்த களியைத் தோண்டி எடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. "அண்ணாச்சி, ஒரு பானை செய்யுத அளவுக்கு இருக்கு" என்று கேலி செய்தாரே ஒழிய, ஏன் இறக்கினீர்கள் என்று கேட்கவில்லை.

பாயின் மனைவி மெஹராஜ் பேகத்துக்கு முழங்கால் வலி. காரிலோ பஸ்ஸிலோ காலை மடக்கி உட்கார முடியாது. எஸ்டேட்டில் ஏதாவது வேலை பார்த்து முடித்தால் டிரையல் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பின்சீட்டை மடக்கி மெத்தை விரித்து, அந்த அம்மாளைக் காலை நீட்டி உட்காரவைத்து விளாத்திகுளத்தில் அவள் அக்கா வீடுவரை போய்வருவார் பாய். "எங்க அண்ணாச்சி வண்டி மாதிரி வராது. ராணி மாதிரில்லா போயிட்டு வாரேன்" என்று அந்த அம்மாள் சௌந்தரபாண்டியனிடமே சொல்வாள். இவருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

காவியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாசி மாசத்தில் முகூர்த்தம். எஸ்டேட் வண்டிக்குப் புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். கடையிலேயே பெயிண்ட் இருக்கும்போது கேட்கவா வேண்டும். அந்தச் சமயத்தில் மெஹராஜ் பேகத்துக்கு உடம்பு சரியில்லாமல் போய்த் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். குலாம் ரசூல் அங்கேதான் இருந்தார். ஆனாலும் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் பஸ் ஏறி வந்துவிட்டார். "அவளுக்குப் பரவால்ல அண்ணாச்சி. காவியா கல்யாணத்துக்கு வரணும்னு துடிச்சுக்கிட்டு இருக்கா. நீ இங்கன இருந்து என்ன செய்யுத, போயி வண்டியப் பாருன்னு அவதான் வெரட்டிவிட்டா" என்றார். ஆயிலை மாற்றினார். டீசல் அடைக்கிற ஒயர் பழசாகிவிட்டது என்று அதையும் மாற்றினார். சாவியைத் திருப்பி அணைக்கும்போது இன்ஜினுக்குப் போகிற டீசலை அடைப்பது அந்த ஒயரின் வேலை. அது கழன்றால் ஓடுகிற வண்டி தானாகவே நின்றுவிடும். வேலை முடிந்த கையோடு திரும்பவும் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் நடந்ததைச் சௌந்தரபாண்டியன் என்னிடம் சொன்னது ரொம்பப் பின்னால். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கடைப் பூச்சிமருந்து டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வீட்டு வாசலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு, உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். போன் அடித்தது. குலாம் ரசூல்.

"அண்ணாச்சி, மெஹராஜ் மௌத்தாயிட்டா."

மனைவி இறந்ததைச் சொல்லும்போதும் பாய் அழவில்லை. ஏதோ சாமான் வாங்கச் சொல்வதுபோல் நிதானமாகப் பேசினார். "இங்கன ஆம்புலன்ஸ் ஒண்ணு நிக்குது. அந்தச் சங்குச் சத்தம் கேட்டாலே அவளுக்கு ஆவாது அண்ணாச்சி. நீங்க நம்ம வண்டிய எடுத்துட்டு வாங்க. காலை நீட்டிப் படுத்து வரட்டும்."

நம்ம வண்டி என்றுதான் சொன்னார்.

ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் சௌந்தரபாண்டியனுடைய மனசு எங்கெல்லாமோ போய்வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் பிரேதம் ஏறிய வண்டியில் மணப்பெண்ணை ஏற்ற மாட்டார்கள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே நீளத்தைப் பார்த்து அந்த வண்டி, இந்த வண்டி என்று சிரித்தவர்கள் நாங்கள். ஒரே ஒரு தடவை ஏற்றினால் போதும், காலத்துக்கும் அந்தப் பெயர்தான். புதுப் பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்கு முன்னால் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பிவிட்டது. இன்ஜின் நின்றது.

"பாய், வண்டி ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குதே" என்றார்.

"சரி அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்" என்று குலாம் ரசூல் போனை வைத்துவிட்டார்.

அதற்குள் அந்த ஆம்புலன்ஸ் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அடக்கத்தைத் தள்ளிப்போட முடியாது. விளாத்திகுளத்திலிருந்து திருநெல்வேலிக்கு மிளகாய் வத்தல் மூடை கொண்டுபோய் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய லோடு வண்டிக்காரர் ஒருவர், பாயிடம் வேலை கொடுக்கிறவர், கிடைத்தார். அதில் படுக்கவைத்துத் தார்ப்பாய் கட்டிக் கொண்டுவந்தார்கள்.

நானும் பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். சௌந்தரபாண்டியனும் அவர் மனைவி கல்யாணசுந்தரி அக்காவும் டிவிஎஸ்ஸில் வந்தார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொன்னவர் வேறு எதில் வருவார்? லோடு வண்டியின் பின்பலகையைத் திறந்து, மெஹராஜ் பேகத்தின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினார்கள். அதிலிருந்து கிளம்பிய வத்தல் தூசியில் சுற்றி நின்ற அத்தனை பேரும் தும்மினார்கள். பெண்கள் இருமிக்கொண்டே அழுதார்கள். குலாம் ரசூல் தன் தோள் துண்டால் மனைவியின் முகத்தைத் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். அந்த நெடி அந்த அம்மாளுக்கு உறைக்கும் என்பதுபோல.

கல்யாணசுந்தரி அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. அழுதுகொண்டே பாயிடம் போய், "எதுக்கு அண்ணே இதுல கொண்டுவந்தீங்க? நம்ம வண்டியக் கேட்டிருக்கலாம்லா?" என்று கேட்டுவிட்டாள்.

"ஸ்டார்ட் ஆவலையே தங்கச்சி" என்றார் பாய். சொல்லிவிட்டுச் சௌந்தரபாண்டியனைப் பார்த்தார்.

காலையில் இன்ஜின் ஓடிய சத்தத்தை அடுக்களையிலிருந்து கேட்டவள் கல்யாணசுந்தரி அக்கா. வீட்டுக்குப் போனதும், "காலையில ஓடுச்சே" என்று ஒரு வார்த்தை சொன்னாளாம். இவர் பந்தல்காரருக்குப் போன் போட்டார். அவளும் மறுபடி கேட்கவில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது.

கல்யாணத்தன்று எஸ்டேட் வண்டிக்கு மாலை போட்டார்கள். கடலையூர் ரோட்டைத் தொடாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு மண்டபத்துக்கு ஓட்டிவந்தார் சௌந்தரபாண்டியன். அதில் காவியா வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளை நிறத்தில் புதுக் கார் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். பிள்ளையும் ஏசி இருக்கிறது என்று அதில் ஏறிக்கொண்டாள். எஸ்டேட் வண்டியில் குத்துவிளக்கும் பித்தளை அண்டாவும் வாழையிலைக் கட்டும் வந்தன. அண்டாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தவன் நான். அன்றைக்கு என்னிடம் அவர் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து குலாம் ரசூல் ஒர்க்‌ஷாப்பைத் திறந்தார். முதல் வேலையாகச் சௌந்தரபாண்டியன் வீட்டுக்கு வந்தார். பானெட்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டார்.

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தார் சௌந்தரபாண்டியன். நாக்கு வேறு ஒரு பொய்யை எடுத்துக் கொடுத்தது. "ஏதோ ஒயர் கழண்டுருச்சாம் பாய். பைபாஸ் பக்கத்துல இருந்து ஒருத்தன் வந்து சரி பண்ணிட்டான்."

குலாம் ரசூல் பானெட்டை மூடிவைத்தார். கிளம்பிவிட்டார். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது என்று இவரே என்னிடம் சொன்னார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அப்படிப் போகிறார் என்று இவர் முடிவு கட்டிவிட்டார்.

அதன்பிறகு பாயின் பெருமைப் பேச்சு நின்றுபோனது. என் லோடு ஆட்டோவில் விளக்கு எரியவில்லை என்று கொண்டுபோனேன். "ஒயர் வேலை நான் பாக்கிறதில்ல, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். இறுக்கிய நட்டை மறுபடி இறுக்கிப் பார்ப்பார், அப்புறம் இன்னொரு தடவையும் பார்ப்பார். வீட்டில் பெண் துணை போனால் மனிதன் இப்படித்தான் ஆகிவிடுவான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

சௌந்தரபாண்டியன் கடலையூர் ரோட்டுப் பக்கமே போகாமல் இருந்தார். எதிரே பாய் வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். எஸ்டேட்டை வேறொரு மெக்கானிக்கிடம் விட்டார். அவன் கண்ணாடி இறங்குகிற பொத்தானைச் சரி பண்ணுகிறேன் என்று ஹாரனைக் கெடுத்துவைத்தான். கடைசியில் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடி வாசலில் நிறுத்திவிட்டார். தினமும் காலையில் கதவைத் திறந்தால் அதுதான் முன்னால் நிற்கும். வாசல் இருக்க, பக்கத்துச் சந்து வழியாகக் கடைக்கு வர ஆரம்பித்தார்.

"எதுக்கு அண்ணாச்சி சுத்தி வாறீங்க?" என்று நான் கேட்டபோதுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

"பாய்க்குத் தெரியும். ரோட்டுல போற வண்டிச் சத்தத்த வச்சு யாரு வண்டின்னு சொல்லுத மனுசன். போன்ல இன்ஜின் ஓடுனதும் நின்னதும் கேக்காமலா இருந்திருக்கும்? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு ஒரு வார்த்த கேக்க மாட்டேங்காரு. நாலு பேருக்கு முன்னால வஞ்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டு கெடந்திருப்பேன். வண்டிய வித்துட்டா தெனமும் அது மூஞ்சியில முழிக்கவேண்டாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. போய்க் காலில் விழுந்து தொலைய வேண்டியதுதானே, இதற்கு எதற்கு வண்டியை விற்கவேண்டும் என்றேன். அவர் எழுந்துபோய்விட்டார்.

கயத்தாற்றிலிருந்து பாண்டியராஜன் என்று ஒருவர் வண்டி பார்க்க வந்தார். பழைய வண்டிகளை வாங்கிப் புதுப்பித்து, கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வாடகைக்கு விடுகிறவர். வண்டி பிடித்துப்போனது. ஆனால் விவரமான ஆள். "இத்தன வருசமா யாரு வேலை பாத்தா? அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்துக்கிடுதேன்" என்றார். சௌந்தரபாண்டியன் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். அவர் மசியவில்லை. "நீயும் கூட வா" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனார் சௌந்தரபாண்டியன்.

குலாம் ரசூல் வெளியே வந்தார். வண்டியைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பானெட்டில் வைத்தார். விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் முகம் மாறியது. ஆனால் பாண்டியராஜன் கேட்ட எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். இன்ஜின் நல்ல இன்ஜின், சாமான் எங்கே கிடைக்கும், எதற்கு எதைப் போடலாம் என்று எல்லாம் சொன்னார்.

"எங்கயாவது நின்னிருக்கா பாய்?"

"ஒரே ஒரு தடவ" என்றார் குலாம் ரசூல்.

சௌந்தரபாண்டியன் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். வலித்தது.

"ஆனா அது வண்டி மேல குத்தம் இல்ல. என் மேலதான் குத்தம்" என்றார் பாய். "எங்க வீட்டுல ஆஸ்பத்திரியில கெடந்தா. அவசர அவசரமா வந்து டீசல் ஒயர மாத்தினேன். சரியா முறுக்காம விட்டுட்டேன். மறுநாள் அவ மௌத்தாயிட்டா. அண்ணாச்சி உடனே வண்டிய எடுத்துட்டு வாறதுக்கு ஸ்டார்ட் பண்ணி ரெடியாத்தான் இருந்தாவ. நான் போன்ல பேசிக்கிட்டு இருக்கும்போதே இன்ஜின் நின்னுச்சு. நானே என் காதால கேட்டேன். வேற ஒருத்தன் வந்து ஒயரச் சரி பண்ணியிருக்கான். அண்ணாச்சி பெரிய மனசு, இன்னைக்கு வரைக்கும் ஏன் பாய் இப்பிடி வேல பாத்தீங்கன்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. எனக்குத்தான் அவிய மொகத்தப் பாக்க முடியல. அன்னையிலருந்து ஒயர் வேல தொடுறதில்ல. நீங்க தைரியமா வாங்கிக்கிடுங்க. அந்த ஒயர வேற ஆளவிட்டு மாத்திருங்க."

ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. சம்பந்தமில்லாத எனக்கே அவமானமாக இருந்தது.

"பாய்" என்றார் சௌந்தரபாண்டியன். "பாய், அன்னைக்கு ஒயர் கழரல. நான்தான் ஆஃப் பண்ணேன்."

குலாம் ரசூல் அவரைப் பார்த்துச் சிரித்தார். "என் மனசு ஆறணும்னு சொல்லுதீங்க அண்ணாச்சி. வேண்டாம். பரவால்ல."

"இல்ல பாய். சத்தியமா. சாவியத் திருப்பி ஆஃப் பண்ணிட்டுத்தான் ஸ்டார்ட் ஆவலன்னு சொன்னேன். காவியா கல்யாணத்துக்கு அந்த வண்டி. அதுல போயி… மய்யித்த ஏத்துனா, ஊரு என்ன சொல்லும்னு. யாரும் வந்து சரி பண்ணல. அதுவும் பொய்யி."

பாய்க்குப் புரிய நேரம் ஆனது. "அப்ப ஒயர் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு. இந்தா, இன்னைக்கும் அதே ஒயர்லதான் ஓடுது."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பழைய குலாம் ரசூலின் முகம் வந்தது. பாண்டியராஜன் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? நான் பாத்த வேலையில…" என்று ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டார். அங்கே கிடந்த டயரில் உட்கார்ந்தார்.

"தர முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றார். "கோவப்பட்டிருப்பேன். அந்தக் கோவம் ரெண்டு நாள் இருந்திருக்கும். நீங்களும் பொண்ணு வச்சிருக்கவிய, எனக்குப் புரியாதா? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சுட்டு அவ கபருக்குப் போறேன். போயி என்ன சொல்லுதேன் தெரியுமா? என் கை செஞ்ச தப்புல உன்னைய வத்தல் வண்டியில கொண்டாந்துட்டேன், என்னைய மன்னிச்சிருட்டின்னு சொல்லுதேன். ரெண்டு வருசமாச் சொல்லுதேன்."

சௌந்தரபாண்டியன் இரண்டு கையையும் கூப்பினார். பாய் அதைப் பார்க்கவில்லை. எழுந்து பானெட்டை மூடினார். "எடுத்துட்டுப் போங்க தம்பி. இது நிக்காத வண்டி" என்று பாண்டியராஜனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்டி அன்றைக்கே கயத்தாற்றுக்குப் போனது. நாங்கள் இருவரும் நடந்தே கடைக்கு வந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சௌந்தரபாண்டியன் என் கடை வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

"கபர்ஸ்தானுக்குள்ள நம்மள விடுவாங்களா?" என்று கேட்டார்.

"கேட்டா விடுவாங்க. பாய்கூடப் போங்க" என்றேன்.

"அதுக்குப் பாய்கிட்டல்லா கேக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அதே வேட்டி சட்டையோடு வந்து நிற்கிறார். தெருக்கோடிப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துபோகிறவரைக்கும் நிற்பார். இதுவரை பாயிடம் கேட்கவில்லை.